கடைசி அறையின் பின்சுவர்

கிளைச்சிறைக்குள் கால் வைத்ததுமே பட்டாபிக்கு ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. பார்வையிட ஆள் வருகிறது என்றால் வெள்ளையடிப்பது எங்கும் நடப்பதுதான். ஆனால் அந்த வாசனைக்கு அடியில் வேறொன்றும், திறக்காமல் விட்ட பானையில் நாள்பட்ட தண்ணீர் போலப் புளித்துக் கிடந்தது.

அவர் செங்கல்பட்டில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கைதிகளிடம் குறை கேட்டு மேலே எழுதுவதற்காக அரசாங்கம் நியமித்த வெளிப்பார்வையாளர். அவர் மேலே எழுதிய எதற்கும் இதுவரை பதில் கீழே வந்ததில்லை.

இன்று வந்தது செங்கம்மாளுக்காக. செய்யூர்ப் பக்கம் சவுக்குக் கழி திருடினான் என்று பிடித்து, ஜாமீனுக்கு ஆளில்லாமல் உள்ளேயே கிடந்த பெஞ்சமினின் அம்மா. வாசலில் அவரை மறித்திருந்தாள்.

"எம் புள்ளைய வேற ஜெயிலுக்கு மாத்திட்டோம்ன்றாங்கோ சார். அங்க போயி கேட்டா, அப்பிடி யாரும் வரலன்றாங்கோ. நீ ஒரு தபா உள்ள பாத்துட்டு வா, போதும்."

அறைகளில் ஒருவர் முழங்கால்மேல் இன்னொருவர் முதுகு சாய்த்து, சொறியும் வியர்வையுமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முறை வைத்துத்தான் படுக்கிறார்கள் என்பது சொல்லாமலே தெரிந்தது. தலைமைக் காவலர் உலகநாதன் கூடவே நடந்தார். ஒவ்வொரு கம்பிக்கதவிலும் பட்டாபி குறை கேட்டார். ஒவ்வொன்றிலும் "ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள்.

அப்போதுதான் அது கேட்டது. தாழ்வாரத்தின் கோடியில், பூட்டியிருந்த கடைசி அறையிலிருந்து.

"தண்ணி."

எல்லாத் தலைகளும் குனிந்தன. உலகநாதனை ஆபீசில் போன் கூப்பிட்டது. அவர் ஓடாத குறையாகப் போனார். பட்டாபி கம்பியருகே உட்கார்ந்திருந்த முனிசாமி என்ற கைதியிடம் குனிந்தார்.

"யாருப்பா அது?"

"உனுக்கும் கேக்குதா சார்?" முனிசாமியின் முகத்தில் ஏதோ இளகியது. "அம்மை போட்டுச்சி அவனுக்கு, பெஞ்சமினுக்கு. எங்களுக்கு ஒட்டிக்கும்னு அங்க தனியா பூட்டிட்டாங்கோ. தண்ணி தண்ணின்னு கத்திகினே இருந்தான். அப்பால நின்னுபோச்சி. வெள்ளையடிச்சாங்கோ. அதுக்கப்பறம் மறுபடியும் கத்தறான்."

உலகநாதன் திரும்பி வந்தபோது அந்த அறையைத் திறக்கச் சொன்னார் பட்டாபி. மறுப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சாவியைப் போட்டுத் திறந்தார்.

உள்ளே யாருமில்லை. பாய் இல்லை, குவளை இல்லை. நான்கு சுவரும் காயாத வெள்ளை. பட்டாபி கையை வைத்தார். சுவர் சுட்டது, காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு கேட்டுப் பாத்தேன் சார்." உலகநாதன் வாசற்படி தாண்டவில்லை. "காவலுக்குப் போலீஸ் இல்லன்னாங்க. வண்டியும் வரல. ஒருநாள் காலைல தெறந்தா ஆளு இல்ல. பூட்டு பூட்டினபடியே கீது. நான் இன்னான்னு மேல சொல்லட்டும்? மாத்திட்டோம்னு சொல்லிட்டோம்."

"அவங்கம்மா வெளியில நிக்கறாங்க."

"தெரியும் சார். நானே டிரான்ஸ்பர் கேட்டுகினு கீறேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்றுகூடப் பட்டாபிக்குத் தோன்றவில்லை. யாருக்கு எழுதுவது? என்ன எழுதுவது? வாசலுக்கு வந்தார்.

செங்கம்மாள் அங்கே இல்லை. மதிலை ஒட்டியே சுற்றிப் போனார். வெயில் இறங்கியிருந்தது. சாக்கடையில் கொசுக்கள் ரீங்கரித்தன. கடைசி அறையின் பின்சுவரில், தரையோடு தரையாக, அறையைக் கழுவிய தண்ணீர் வடிய ஒரு துளை. எலி நுழையும் அளவு. அதன்முன் அவள் மண்டியிட்டிருந்தாள். கையில் பிளாஸ்டிக் பாட்டில்.

"இங்கதான் கீறான் சார். கூப்பிட்டான்."

பாட்டிலைச் சாய்த்தாள்.

துளையிலிருந்து ஒரு கை வந்தது.

சுண்ணாம்பு வெள்ளை. அம்மைத் தழும்பு. குழித்த உள்ளங்கை. தண்ணீர் நிரம்பி வழிந்தது. அது குடிக்கப் போகவில்லை. திரும்பியது. அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"செங்கம்மா, கைய எடும்மா." சொல்லிக்கொண்டே பட்டாபி ஓரடி பின்வாங்கினார்.

வளையல்கள் உடைந்தன. முழங்கை வரை உள்ளே. தோள் வரை. சுவரில் கன்னம் அழுந்த, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ சூடு சார் இவனுக்கு."