ஜோகன்னஸ்பர்க் விமானத்தில் இரண்டு இருக்கைகள்

இன்ஜினியர் ஒகொல்லா மழையோடு மழையாகப் பங்கானிப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். கீழே தையல் கடை, மேலே பெண் துப்பறிவாளர் கெருபோவின் ஒற்றை அறை அலுவலகம். மாடி ஏறி வந்தவர் குடையை மடிக்கக்கூட மறந்திருந்தார். உதவியாளன் முதிசோ அதை வாங்கி மூலையில் சாய்த்து வைத்தான்.

"என்னைக் கொள்ளையடிச்சுட்டாங்க" என்றார் ஒகொல்லா.

"என்ன போச்சு, இன்ஜினியர்?" என்று கெருபோ கேட்டார்.

"பாயிண்ட். பறந்து பறந்து சேத்த விமானப் பாயிண்ட். அத்தனையும்."

வேறு துப்பறிவாளர் சிரித்திருக்கலாம். கெருபோ சிரிக்கவில்லை. ஒரு விமான நிறுவனத்தின் மோசடிப் பிரிவில் பல வருடம் இருந்தவர் அவர். புள்ளிகளை இழந்தவர்கள் தொலைபேசியில் அழுததைக் கேட்டிருக்கிறார். முதிசோவோ டாக்சி ஓட்டிய காலத்தில் விமான நிலையத்துப் பயணிகளிடம் கேட்டுக் கேட்டே இந்த வித்தையில் ஊறியவன். எந்தப் புள்ளியை எங்கே செலவழித்தால் லாபம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். விமானத்தில் மட்டும் இன்னும் ஏறியதில்லை.

ஒகொல்லா தண்ணீர் பம்புகள் நிறுவும் பொறியாளர். லிலாங்வே, லுசாக்கா, டாக்கார் என்று அலைந்தே ஆயுளைக் கழித்தவர். நேர் வழியில் போகாமல் சுற்றுவழியில் போய்ப் புள்ளிகள் சேர்த்தார். உடன் வேலை செய்தவர்கள் தங்கள் புள்ளிகளைக் கொடுத்து ரொட்டி சுடும் மெஷினும் சூட்கேஸும் வாங்கினார்கள். இவர் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

"என் பொண்ணு கனடாவுல, ஹாலிஃபாக்ஸ்ல இருக்கா. அபொண்டிக்கு, அதான் என் மனைவிக்கு, முதுகுல ஆபரேஷன் ஆனதுலேருந்து ரொம்ப நேரம் உக்கார முடியாது, சர்ச்சுக்குக்கூட வர்றதில்ல. படுத்துக்கிட்டே போற சீட்டுல அவளைக் கூட்டிட்டுப் போகணும்னுதான் சேத்தேன். அடுத்த வருஷத்து சீட்டு திறக்குற அன்னைக்கே பிடிக்கணும்னு போன வாரம் கணக்கைத் திறந்தா, காலி."

"கம்பெனியில என்ன சொன்னாங்க?"

"மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எடுத்திருக்காங்களாம். ஜோகன்னஸ்பர்க் பயணம், பிசினஸ் கிளாஸ், ரெண்டு சீட்டு. பேரு சொல்ல மாட்டாங்களாம், அந்தரங்கமாம். என் கணக்கையே முடக்கி வெச்சுட்டாங்க."

முதிசோவால் பொறுக்க முடியவில்லை. "ஜோகன்னஸ்பர்க்கா? சார், அந்தப் பாயிண்டுக்கு ரெண்டு பேர் ஹாலிஃபாக்ஸுக்குப் படுத்துக்கிட்டே போயிட்டுப் படுத்துக்கிட்டே திரும்பலாமே. காலையில ஏறினா மதியம் இறங்குற ஊருக்கா அத்தனையும் போச்சு?"

"அதான் வயிறு எரியுது. கடைசி நேரத்துல எடுத்திருக்கான். ரெண்டு மடங்குக்கு மேல பிடிச்சிருக்காங்க. திருடனுக்குத் திருடவும் தெரியல."

கெருபோ நிதானமாகக் கேட்டார். "டிக்கெட் எடுத்தா, எடுக்கிறது நீங்கதானான்னு சரிபாக்க உங்க போனுக்கு ஒரு எண் வருமே?"

"வந்திருக்கும். அழிச்சிருப்பான். நான் சர்ச்சுக்குப் போன் கொண்டுபோறதில்ல, அது அவனுக்கு நல்லாத் தெரியும். எவன்னு கேக்குறீங்களா? என் தம்பி மகன் ஓபுயா. என் வீட்டுல தங்கிப் படிக்கிறான். கணக்கையெல்லாம் போன்ல போட்டுக் குடுத்தவனே அவன்தான். பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். நேத்து அவன் பெட்டியை கேட்டுக்கு வெளியில வெச்சுட்டேன். திங்கக்கிழமை போலீஸ்ல குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஆதாரம் வேணும்."

"அவர் என்ன சொல்றார்?"

"நான் எடுக்கலங்கிறான். அப்ப எவன்டான்னா வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

சவுத் பி குடியிருப்பில் இருந்தது ஒகொல்லாவின் வீடு. மறுநாள் அவர்கள் போனபோது அபொண்டி கூடத்து சோபாவில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். வந்தவர்களுக்காக எழுந்து மண்டாசிப் பணியாரமும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். கண்களுக்குக் கீழே கருமை தட்டியிருந்தது.

"இந்த மேடம் கண்டுபிடிச்சுடுவாங்க" என்றார் ஒகொல்லா. "ஜோகன்னஸ்பர்க் போனவன் எவனா இருந்தாலும் ஓபுயாவோட கூட்டாளிதான்."

"வந்தவங்க யாரோ, அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றார் அபொண்டி. "எனக்கு அந்தப் பயணமே வேணாம். பையனை உள்ள கூப்பிடுங்க, ஒவிட்டியப்பா."

ஒகொல்லாவின் கை கோப்பையோடு நின்றது. மூத்த பிள்ளையின் பெயரால் கணவனை அழைப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அப்படி அழைப்பது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது என்பதை அவர் முகமே காட்டியது.

"அந்தப் பேரு இந்த வீட்டுல கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"வாய் தவறிடுச்சு" என்று அபொண்டி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"யார் அது?" என்று கெருபோ கேட்டார்.

"இருந்தான் ஒருத்தன். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில விட்டுட்டு கிட்டார் வாசிக்கிறேன்னு தெற்கே போனான். எங்கப்பா செத்தப்ப பேரப்பிள்ளை மண்ணு போட வரல. ஊரே கேட்டுது. எங்கப்பா மண்ணுக்கு வராதவனுக்கு என் மண்ணுல வேலை இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப எங்க இருக்கான்னு தெரியாது. தெரியவும் வேணாம்."

வெளியே சுவரோரம் தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான் ஓபுயா. இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு இரவுகளாக நண்பன் அறையில் படுத்துவிட்டுப் பகலில் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

"ஏன் இங்கயே உக்காந்திருக்கே?" என்றான் முதிசோ. "ஓடிப் போனா குற்றவாளின்னு ஆயிடும்னா?"

"பெரியம்மாவுக்குக் கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியாது. கூப்பிட்டா ஆள் வேணும்."

கெருபோ அவன் அருகில் நின்றார். "மார்ச் மாசத்து ஞாயித்துக்கிழமைகள்ல காலையில நீ எங்க இருப்பே?"

"எல்லா ஞாயிறும் சர்ச்லதான். நான்தான் பெரியப்பாவைக் கார்ல கூட்டிட்டுப் போவேன். பாட்டுக் குழுவுல பாடுறேன். அவர் முன்வரிசையில உக்காந்து, நான் சரியா வாயசைக்கிறேனான்னு என்னையே பாத்துக்கிட்டிருப்பார்."

"இதை அவர்கிட்ட சொல்லலாமே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னா, அப்புறம் வீட்டுல யார் இருந்தாங்கன்னு கேப்பார்."

கெருபோ அதற்கு மேல் அதைத் தொடவில்லை. "பெரியம்மா எங்கயும் வெளியூர் போறதில்லையா?"

"ஏரிக்கரை ஊரு கிசுமுவுக்குப் போவாங்க, தங்கச்சி வீட்டுக்கு. முதுகுக்கு அங்க ஒரு வைத்தியம்னு. நான்தான் பஸ் ஏத்திவிடுவேன். ஏப்ரல், மே முழுக்க வாரா வாரம்."

"இப்ப?"

"ஜூன்லேருந்து போறதில்ல."

திரும்பும் வழியில் முதிசோ வண்டியை மெதுவாக ஓட்டினான். "மேடம், சர்ச்சுக்குப் போற தூரம்கூட உக்கார முடியாதவங்க, நாள் முழுக்க பஸ்ல உக்காந்து கிசுமு போறாங்களா?"

"அதையேதான் நானும் யோசிக்கிறேன்" என்ற கெருபோ, பழைய சக ஊழியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். பெயர் வேண்டாம், விமானம் எந்தப் பக்கம் போனது, திரும்பும் டிக்கெட் உண்டா என்று மட்டும் சொல் என்றார். பதிலைக் கேட்டு நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

சனிக்கிழமை மாலை எல்லோரும் அதே கூடத்தில் உட்கார்ந்தார்கள். கெருபோ முதலில் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அபொண்டியிடம் கேட்டார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அபொண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க. தினமும் அவர் முன்னாடி நின்னு பாத்தேன். மொத வார்த்தை வரல. பாதி வரைக்கும் நீங்க கொண்டுபோய் விட்டீங்கன்னா மீதியை நான் சொல்லிடுவேன்."

கூடத்துக்கு வந்து உட்கார்ந்த கெருபோ, ஒகொல்லாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இன்ஜினியர், பாயிண்ட் திருடுறவங்களைப் பல வருஷம் பாத்திருக்கேன். அவங்க நல்ல விலைக்கு விக்கிற பயணத்தைத்தான் எடுப்பாங்க. இங்க எடுத்தவங்க உலகத்துலயே மோசமான பேரத்தை எடுத்திருக்காங்க. ஒரு வாரம் காத்திருந்தா பாதிப் பாயிண்ட் மிஞ்சியிருக்கும். காத்திருக்க நேரமில்லாதவங்க."

"ஓபுயாவுக்கு என்ன அவசரம்?"

"ஓபுயா இல்ல. எண் வந்த நேரத்துல உங்க போன் இந்த வீட்டுல இருந்துச்சு. ஓபுயா உங்க கண்ணு முன்னாடி பாடிக்கிட்டிருந்தார். உங்க கோபத்துல அது உங்களுக்குத் தோணல."

ஒகொல்லா ஓபுயாவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தது, அந்த ரெண்டு சீட்டு. யாரோ ஜோகன்னஸ்பர்க் போனாங்கன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. யாரும் போகல. அங்கேருந்து இங்க வந்தாங்க. ஒருத்தருக்கு வர்றதுக்கு மட்டும்தான் டிக்கெட். கூட வந்தவர் மறுநாளே திரும்பிட்டார். வந்த ஊரைச் சுத்திப் பாக்காம, ஒரு சொந்தக்காரரைப் பாக்காம திரும்பிட்டார். அவ்வளவு கிட்டத்து ஊர்லேருந்து படுத்துக்கிட்டே வர்றது யார்? கொண்டுவந்து ஒப்படைச்சதும் திரும்பிப் போறது யார்?"

முதிசோ தன்னை மறந்து சொன்னான். "நோயாளி. கூட வந்தது நர்ஸ்."

"ஆமா. இந்த வீட்டுல ஒருத்தர் மட்டும் 'வந்தவங்க'ன்னு சொன்னாங்க. அன்னைக்கே உங்களை, நீங்க தடுத்து வெச்ச பேரால கூப்பிட்டாங்க. அந்தப் பேரை அவங்க சமீபத்துல நிறைய தடவை சொல்லியிருக்கணும், இன்ஜினியர். இல்லன்னா நாக்குக்கு அவ்வளவு சுலபமா வராது."

ஒகொல்லா எழுந்து நின்றார். எங்கே போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார். "அவன் இங்க வந்திருக்கானா? எங்க? கிசுமுலயா?"

கெருபோ அபொண்டி பக்கம் திரும்பினார். பஸ் பயணங்கள் ஜூனில் நின்றுபோனதை அறிந்தபோதே அவருக்கு மீதி விளங்கியிருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் தான் இல்லை என்றும் அவருக்குத் தெரியும்.

அபொண்டி சோபாவிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வயித்துல கட்டி. அங்க ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. நம்ம ஊர் ஏரிக் காத்து வேணும்மான்னு போன் பண்ணினான். அவனைக் கூட்டிவர வேற யார்கிட்டயும் காசு இல்ல. ஓபுயா முதல் நாளே எப்படி எடுக்கணும்னு காட்டிக் குடுத்தான், ஞாயித்துக்கிழமை நான் எடுத்தேன். அவன்கிட்ட சத்தியம் வாங்கினது நான்தான். பையன் வாக்கு தவறல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். ஏப்ரல்ல ஒரு நாள் சாப்பாட்டுல, ஒவிட்டின்னு ஆரம்பிச்சேன். நீங்க தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனீங்க. மறுபடி ஒரு நாள் ஆரம்பிச்சேன். ரேடியோவைச் சத்தமா வெச்சீங்க." அவர் குரல் உயரவில்லை. "உங்கப்பா சாவுக்கு ஏன் வரலைன்னு அவன்கிட்ட கேட்டேன். அப்ப அவன் பாஸ்போர்ட்டை, அவன் கிட்டார் வாசிச்ச ஓட்டல்காரன் பிடுங்கி வெச்சிருந்தானாம். படிப்பை விட்டுட்டு வந்து இப்படி மாட்டிக்கிட்டேன்னு உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சாம்."

"இப்ப எப்படி இருக்கான்?"

அபொண்டி கணவனைப் பார்த்தார். கேள்வியைக் கேட்ட பிறகுதான் அதற்கான பதில் ஒகொல்லாவுக்கு எட்டியது போலிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஜூன் மாசம். தூக்கத்துலதான்" என்றார் அபொண்டி. "என் தங்கச்சி வீட்டுல. இன்னும் மண்ணுக்குப் போகல. கிசுமு பிணவறையில இருக்கான். பிள்ளையை அப்பன் முற்றத்துலதானே புதைக்கணும். உங்க மண்ணுல வேலை இல்லைன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. நான் அவனை எங்க கொண்டுபோவேன்?"

ஓபுயா முகத்தைத் திருப்பிக்கொண்டான். தெருவில் மட்டாட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்னைக் கேட்டானா?" என்று ஒகொல்லா கேட்டார்.

"வாசல்ல கார் நின்னா யாருன்னு பாக்கச் சொல்வான். பேரு சொல்ல மாட்டான்."

ஒகொல்லா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அபொண்டி அருகே போகவில்லை. அவரால் அன்று அது முடியவில்லை. ஓபுயாதான் போய்ப் பெரியப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஒகொல்லாவின் கை அவன் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் முதிசோதான் கெருபோவையும் சேர்த்து அவர்களை வேனில் கூட்டிப் போனான். பின் இருக்கையைத் தட்டையாக மடக்கி, மெத்தை போட்டு, அபொண்டியைப் படுக்க வைத்தார்கள். கெரிச்சோவின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒகொல்லா ஊரிலிருந்த தம்பிக்குப் போன் செய்து, ஊர் வீட்டு முற்றத்தில் இடப்பக்கம், தன் அப்பாவின் சமாதிக்கு எதிரே குழி தோண்ட ஆட்களுக்குச் சொல்லச் சொன்னார். யாருக்கு என்று தம்பி கேட்டிருக்க வேண்டும். "என் மகனுக்கு" என்றார். பிறகு அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை அவர் குரல் அங்கே போய்ச் சேரவில்லை.

பிணவறைக்குள் அவர் தனியாகத்தான் போனார். கெருபோவும் அபொண்டியும் வெளியே மாமரத்தடி பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர் திரும்பி வர நேரமானது. வந்தவர் மனைவிக்கு முன்னால் நின்றுகொண்டு கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"தாடி வளத்திருக்கான்" என்றார். "தாடி வெச்சிருக்கான்னு நீ சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே" என்றார் அபொண்டி. சொல்லிவிட்டு, அவர் உட்காருவதற்காக பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.