அறுபதுக்கு உடையாது

“நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?”

புதிதாக வந்த இன்ஜினீயர் அன்று அப்படித்தான் கேட்டான். மழையில் நனைந்த முன்முடியிலிருந்து அவன் கணக்குத்தாளில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்... கண்ணில் மட்டும் குறும்பு.

“ஒன்பதாவது. மிச்சத்தை இந்த மெஷின்கிட்ட படிச்சேன்,” என்றாள் அவள்.

அந்தச் சோதனைக்கூடத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டைகளின் ஓரத்தில் வெட்டு போடுவது அவள் வேலை. பட்டையை இழுவை மெஷினில் சாய்வாக மாட்டி இழுத்தால், அது நீளவாக்கில் இழுபடுவதோடு பக்கவாட்டிலும் நழுவப் பார்க்கும். எத்தனை கிலோவில், எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்வது அவன் வேலை. அறுபது, வெட்டின் நட்டநடுவில் என்று எழுதியிருந்தான்.

“அறுபதுக்கு உடையாது சார்,” என்று அவள் சொன்னதில்தான் வம்பே ஆரம்பித்தது.

“வாயை மூடு!” கூடத்தின் மேற்பார்வையாளனான அவள் அண்ணன் பாய்ந்து வந்தான். “படிச்சவர்கிட்ட மல்லுக்கு நிக்கிறியா? மன்னிப்புக் கேளு. இல்லேன்னா நாளையிலிருந்து வீட்டுலயே கிட.”

அவளுக்கு ஏனோ தலை குனிய மனம் வரவில்லை... சிவப்புப் பென்சிலை எடுத்து, வெட்டின் வளைவில், நடுவை விட்டுச் சற்று விலகி ஒரு புள்ளி வைத்தாள்.

“இங்கேதான் உடையும். எண்பதைத் தாண்டி. தப்பாப் போனா நானே போயிடறேன்.”

மெஷின் உறுமியது. அறுபது... எழுபது... இன்ஜினீயர் பட்டையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான். எண்பத்து மூன்றில் ‘டப்’!

விரிசல் சிவப்புப் புள்ளியிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

“வெட்டோட நுனி ஊசியாட்டம் இருக்குன்னு வெச்சுக் கணக்குப் போட்டுட்டேன்...” என்று அவன் முனகினான்.

“நான் வட்டமாத்தானே வெட்டினேன்? வட்டம்னா இன்னும் தாங்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அதன்பிறகு, கணக்கைத் தொடும் முன் அவளிடம் வந்து கேட்பது அவனுக்கு வழக்கமாயிற்று. கேட்டு முடித்தாலும் போகமாட்டான்...

ஒரு சாயங்காலம், கூடம் காலியான நேரம். “இதுக்கு எந்தக் கணக்கும் சரியா வரலை,” என்று திணறினான். “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு...?”

வாசலில் அண்ணன்!

“அவர் படிப்பென்ன, நீ என்ன? வேண்டாம்னு சொல்லு!”

மழை ஜன்னலை அறைந்தது. அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“எனக்கும் இவரைப் பிடிச்சிருக்கு. அனுமதி கேட்கலைண்ணா... சொல்றேன்.”

அண்ணன் அவளை முறைத்தான். அவள் இமைக்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் பார்வையைத் தாழ்த்தி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.