உத்திராபதியின் பங்கு

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம்தான். ஆனால் ஈதர் வரும் கதையில் நெருப்பைப் பற்றவைக்கக் கூடாது.

அறுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசிப் புயல். சென்னை ரயில் நின்றுபோனது. சிதம்பரத்தில் ரஹ்மத் பீவிக்கு வயிற்றில் ஆபரேஷன். மயக்கம் கொடுக்க ஈதர் இல்லை. அவள் புருஷன் குலாம் முகம்மது, கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஆற்றங்கரைக் கிடங்கொன்றில் ஈதர் காய்ச்சும் கெமிஸ்ட். "முழு பாட்டில் கொண்டாங்க, அப்பதான் கத்தியத் தொடுவேன்" என்றுவிட்டார் டாக்டர்.

மத்தியானமே கிடங்கு இருண்டு கிடந்தது. விளக்கேற்ற முடியாது, ஈதர் ஆவிக்கு ஒரு பொறி போதும். கூட்டாளி வைத்திலிங்கம் வெளியே வறுத்த மணலைச் சட்டியில் கொண்டுவந்து வைத்தான். அதன்மேல் ஒரு குடுவையில் ஸ்பிரிட்டும் கந்தக அமிலமும். நூற்று நாற்பது டிகிரியில் ஸ்பிரிட்டின் இரண்டு மூலக்கூறுகள் தண்ணீரை அமிலத்திடம் தள்ளிவிட்டு ஒன்றோடொன்று சேரும், அதுதான் ஈதர். சூடு மிஞ்சினால் சேராது. ஒவ்வொன்றும் தனித்தனியே வாயுவாகப் பறந்துவிடும்.

பாட்டில் பாதிதான் நிரம்பியது. மூலையில் வெகுநாளாகக் கிடந்த பழைய ஈதரை வேறொரு குடுவையில் ஊற்றி, இளஞ்சூட்டில் வடித்தார் குலாம் முகம்மது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடுவை வற்றும்வரை வடிக்கக் கூடாது. அடியில் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். உத்திராபதி பங்கு என்பார்கள். பழைய ஈதரை ஒட்ட வடிக்கப்போய், குடுவை வெடித்துச் செத்தவன் உத்திராபதி.

பாட்டில் நிரம்ப இன்னும் ஒரு விரலளவு குறைந்தது. குடுவையில் மிச்சமிருந்ததும் அவ்வளவுதான்.

"போதும், வுடுங்க மாமா" என்றான் வைத்திலிங்கம், வாசலிலிருந்து.

"செத்தவனுக்கு எதுக்குடா ஈதரு? அவனுக்கு என்ன ஆபரேஷனா?"

சூட்டு மணலைக் குடுவையோடு நெருக்கினார்.

இனித்த நெடி கனத்தது.

குடுவைக்கு அந்தப் பக்கம், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"வைத்தி?"

"நா இங்கதான இருக்கேன் மாமா."

காதோரம் சில்லிட்டது.

"எம் பங்கு, மச்சான்."

ஈதர் பட்ட தோல்போல் ஜில்லென்று ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. சூட்டு மணல் சட்டி தானாகவே தரையில் நகர்ந்து போனது.

குடுவையை அடைத்துவிட்டு, குறைந்த பாட்டிலோடு லாரியில் தொற்றிக்கொண்டு போனார். டாக்டர் முறைத்தார், முறைத்துக்கொண்டே கத்தியைத் தொட்டார். ரஹ்மத் பீவி பிழைத்தாள். கண் விழித்ததும் முகம் சுளித்தாள்: "குடிச்சிட்டா வந்தீங்க? இப்புடி நாறுறீங்க!"

கிடங்குக்குத் திரும்பிய குலாம் முகம்மது குடுவையைப் பார்த்தார். அடைப்பு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

உத்திராபதி இப்போது காடாம்புலியூரில் பலாப்பழ வியாபாரம் செய்கிறார். இந்தக் கதையைச் சொன்னவரும் அவரே.