வீட்டில் ஏறியவர்கள்

மனைவி நீட்டிய டீயைக் கண்டக்டர் வாங்கியபோது வீடு பிரேக் போட்டது.

மெதுவாகத்தான். பழகிய டிரைவர் ஸ்டாப்பைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு நிதானமாக அழுத்துவாரே, அப்படி. உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதி டீ சட்டையில் போனது. மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் பென்சில்கூட உருளவில்லை. ஆடியவர் அவர் ஒருவர்தான்.

"ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம நின்ன மனுஷன், நிக்கிற வீட்ல விழுறீங்களே," என்றாள் மனைவி, துண்டால் சட்டையை ஒற்றியபடி.

"பஸ்ஸுன்னா சம்பளம் உண்டு. இங்க எதுக்கு நேரா நிக்கணும்?"

மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு டம்ளர் டீயைக்கூட மேலே ஊற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

இடது காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்ததிலிருந்து இந்தக் கூத்துதான். நாம் நிமிர்ந்து நிற்கும் சங்கதியே காதுக்குள்தான் இருக்கிறதாம். அது சரியாகிற வரைக்கும் வீடு ஆடுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஆடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கண்டக்டரும் காதில் பஞ்சும் முகத்தில் அசடுமாக, சுவரைப் பிடித்தபடி கழிவறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

டாக்டர் சொல்லாதது ஒன்று இருந்தது. வீடு நின்றதும் வாசல் பக்கத்துத் தரை லேசாக அமுங்கி எழும். பஸ்ஸின் பின் படியில் யாராவது கால் வைத்தால், முன்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் அவருடைய உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். ஏறியது ஆளா மூட்டையா என்பது வரைக்கும். இப்போதும் தெரிந்தது. ஆள்தான். நல்ல கனம். ஏறியவர் உள்ளே நகர்ந்து, மற்றவர்களோடு நின்றுகொண்டார்.

மற்றவர்கள் நேற்றே ஏறியவர்கள். அதற்கு முந்தின நாளும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி அழுவாள், மகள் பயப்படுவாள். அதனால் தினமும் பேசாமல் உட்கார்ந்து, வெளியே மழையே இல்லாதபோதும் கூடம் முழுக்கப் பரவும் அந்த நனைந்த துணி வாடையையும், நெரிசலில் மட்டும் கேட்கிற அந்த அடக்கிய மூச்சையும், விளக்கு நன்றாக எரிந்தும் மூலைகளில் தோளோடு தோளாகத் தேங்கி நிற்கும் நிழலையும், எல்லாம் காது செய்கிற வேலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இடிக்காதம்மா. எழுத்து கோணுது," என்றாள் மகள், நிமிராமலே.

மனைவி அடுப்பறையில் இருந்தாள்.

கண்டக்டர் மகளின் பக்கம் திரும்பினார். தன் மேல் விழட்டும், நசுக்கட்டும், பரவாயில்லை. பிள்ளையை இடிக்கிறார்கள். அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். மறுபடி நகர்த்தினாள். இடம் கொடுக்கிறாள்.

வீடு மறுபடி பிரேக் போட்டது.

கூட்டத்தை இறக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தார். வாசல் நிலையில் உள்ளங்கையால் படபடவென்று தட்டினார்.

"கடைசி ஸ்டாப்பு! எல்லாரும் இறங்குங்க! ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாது!"

குரல் கணீரென்று வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தரை அமுங்கி எழுந்தது. ஒருவர் இறங்கினார். இன்னொருவர். சில்லென்று ஏதோ அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. கனமானவரும் இறங்கினார். வாடை குறைந்தது. மூச்சு குறைந்தது. மூலைகளில் வெறும் மூலைதான் இருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

அடுப்பை அணைக்கும் சத்தம். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள். மகள் பென்சிலை டப்பாவில் போட்டு மூடினாள். இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள். பஸ்ஸில் பயணிகள் தினமும் அவரைப் பார்க்கிற பார்வை. தெரியாதவர்கள் பார்க்கிற பார்வை.

"கொஞ்சம் வழி விடுங்க, கண்டக்டர்."

"ஏய்... நான்மா. நான்!"

மகளின் கையை எட்டிப் பிடித்தார். காதுக்குள் ஏதோ கவிழ்ந்தது. தரை மேலே வந்தது. விழுந்தார். கன்னத்தின் கீழ் தரை லேசாக எழுந்தது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, மிக லேசாக. பிள்ளையின் கனம்.

"ஏறுங்க! ஏறிக்கோங்க!"

யாரும் திரும்பவில்லை.

வீடு கிளம்பியது.

திறந்த கதவுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் பின்னால் போனது. விளக்குக் கம்பம் போனது. தெருவோரம் சொட்டச் சொட்ட நின்ற கூட்டம் போனது. அதன் நடுவில் மனைவி, பையை நெஞ்சோடு அணைத்தபடி. பக்கத்தில் மகள். சிறிதாகிக்கொண்டே. அவள் தோளில் ஒரு கை. ஈரக் கை. மனைவியுடையது அல்ல.