பொறு என்றானா, போடு என்றானா

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும், கழுகு என்று பட்டப்பெயர் வாங்கிய கிழவி முதலில் பார்த்தது கூரையைத்தான். ரம்பத்தின் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கும் கூரை. சுவருக்கு வெள்ளை அடித்து, தூணுக்கு நீலம் பூசி, முகப்பில் கண்ணாடி பதித்து என்னென்னவோ செய்திருந்தார்கள். கூரையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். இளவயசு முழுக்க அதன் கீழே நின்று பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"நம்ம மில்லு," என்றார் பக்கத்தில் சாய்ந்திருந்த கணவர். சத்தமில்லாமல், வெறும் உதட்டால்.

"தெரியுது. பேசாம வாங்க. மூச்சு வாங்குது பாருங்க," என்றாள் அவள். வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தான். அவள் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தாள்.

மில் ஓடிய நாளில் அந்தக் கூடத்தில் காதுக்கு வேலை கிடையாது. மெஷின்கள் போடுகிற கூச்சலில், பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கொசு பறந்த அளவுகூடக் கேட்காது. அதனால் எல்லோரும் உதட்டால் பேசினார்கள். வாயை அகலமாகத் திறந்து, எழுத்து எழுத்தாக. வம்பு, சண்டை, காதல் எல்லாமே அப்படித்தான். அந்தக் கோடியில் மேஸ்திரி தன் மாமியாரைத் திட்டினால், இந்தக் கோடியில் இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கழுகு என்ற பெயர் அப்படி வந்தது. கடைசியில் காது முழுசாகப் போனபோதுகூட அவள் அலட்டிக்கொள்ளவில்லை. மனுஷங்களுக்கு உதடு இருக்கிறவரைக்கும் எனக்குக் காது எதுக்கு என்பாள். வாய்க்கொழுப்புக்கு ஒன்றும் குறைவில்லை.

ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் உதடே இல்லை. டாக்டர், நர்ஸ், பெருக்குகிறவர், எல்லோருடைய முகத்திலும் பாதியை முகக்கவசம் மூடியிருந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன, எதையோ கேட்டன.

சேர்க்கும்போது டாக்டர் அவளைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். கணவரை அதற்குள் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாத ஜென்மம் அது. டாக்டரின் கண்ணைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று, "இல்லை" என்று தலையை ஆட்டினாள். எந்த மருந்தாவது இவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

போயிருக்கிறது. ஒருமுறை ஒரு ஊசி போட்டு அவருக்குத் தொண்டை வீங்கி, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருக்கிறார். அந்த மருந்தின் பெயரை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். எங்கே போனாலும் அவரே சொல்லிவிடுவார். அதனால் அவள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளவே இல்லை.

கட்டில் போட்டிருந்த இடத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஞ்சைச் சீவும் பெரிய மெஷின் நின்ற இடம் அது. மெஷினை ஓடவிடும் லிவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற மூலையில் இப்போது கைகழுவும் தொட்டி. லிவரைப் பிடித்த ஆள் என்பதால் மில்லில் அவர் பெயரே லிவர். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பும், அதில் ஒரு கதவும். தடுப்புக்கு அந்தப் பக்கம் காலி அறை.

அந்த மெஷினில்தான் சந்து செத்தான்.

முன்பல் இரண்டுக்கும் நடுவே ஆளே புகுந்து போகிற இடைவெளி என்று கேலி செய்து அவனுக்குச் சந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். எண்ணெய் போடுகிற வேலைக்குப் புதிதாக வந்தவன். மெஷினுக்குள் இருக்கும் பல் பதித்த பெரிய உருளை நின்றிருக்கும்போது மார்புவரை உள்ளே நுழைந்து பல்லிடுக்கில் சிக்கிய பஞ்சை எடுப்பான். முடித்ததும் தலையை வெளியே நீட்டி, கோடியில் நிற்கும் லிவரைப் பார்த்து "போடு" என்று உதட்டைக் குவிக்க வேண்டும். இன்னும் வேலை இருந்தால் "நில்லு" என்று பல்லைக் காட்ட வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஒருவரும் "பொறு" என்று சொல்ல மாட்டார்கள். பேசிப் பாருங்கள், தெரியும். போடு, பொறு இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும், ஒரே மாதிரிதான் குவியும். மிச்சமெல்லாம் வாய்க்குள்ளே நாக்கு செய்கிற வேலை. ஒன்று கொஞ்சம் இழுக்கும், இன்னொன்று இழுக்காது, அவ்வளவுதான். புதியவனுக்கு இதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆளாளுக்கு அடுத்தவன் சொல்லியிருப்பான் என்று இருந்துவிட்டார்கள்.

அவன் "பொறு" என்றான். கழுகு பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது பளிச்சென்று பொறுதான். அதுவும் ஒருமுறை அல்ல. லிவர் அப்போது அவனைச் சரியாகப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். அவள் அங்கிருந்து ஏதோ குறும்பாகச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே திரும்பி, ஒரு வாய் குவிவதைப் பார்த்து, லிவரை இழுத்தார்.

விசாரணையில் மேனேஜர் அவளைத்தான் கூப்பிட்டார். உன் கண்ணுக்குத் தப்பாது, நீ சொல்லு என்றார்.

"போடுன்னுதாங்க சொன்னான்," என்றாள்.

செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்? தன் கவனக்குறைவால் தானே செத்தான் என்று எழுதி முடித்தார்கள். அவன் பெண்டாட்டியைக் கைக்குழந்தையோடு கம்பெனி வீட்டிலிருந்து கிளப்பினார்கள். கழுகுக்குக் குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அதற்காக அவளுக்கு ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெட்டதில்லை. எனக்கு வேண்டியவனை நான் காப்பாத்திக்கிட்டேன், அவளுக்கு வேண்டியவனைக் காப்பாத்திக்க அவளுக்குத் துப்பு இல்லை, இதுதான் அவள் கணக்கு.

மதியம் தாண்டியது. கணவர் முகத்தில் மூச்சுக்காற்றுக் குழாய் மாட்டிய பிளாஸ்டிக் மூடியை வைத்திருந்தார்கள். உள்ளே ஆவி படிந்து, வாய் மங்கலாகத் தெரிந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உள்ளங்கால் அதிர்ந்தது.

காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதிர்வு நிற்கவில்லை. காது போனவர்களுக்குக் கால்தான் காது. அந்த ஓட்டம் அவளுக்குத் தெரியும். தடதடவென்று போய், நடுவில் ஒருமுறை தடுக்கி, மறுபடி தடதடவென்று போகும். பெரிய உருளை ஓடுகிற ஓட்டம். பக்கத்து மேஜையில் தம்ளரில் இருந்த தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருந்தது.

பிறகு வாசனை வந்தது. மருந்து நெடியைத் தள்ளிக்கொண்டு, சூடேறிய எண்ணெயும் பொசுங்கிய பஞ்சும் கலந்த வாசனை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வாய் இருந்தது.

முகம் இருட்டில் இருந்தது. வாய்க்கு மட்டும் எங்கிருந்தோ வெளிச்சம். முகக்கவசம் இல்லாத வாய். உள்ளே வந்த பிறகு அவள் தெளிவாகப் பார்த்த முதல் வாய். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி.

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பசித்தவன் முன்னால் இலையை விரித்த மாதிரி அந்த வாய் பேசியது, அவள் படித்தாள்.

"உன் பொண்ணு வர்ற பஸ்ஸு வழியில நின்னு போச்சு. சாயங்காலம்தான் வருவா."

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, அவள் படும் பாட்டைப் பார்த்து மனமிரங்கி, கவசத்தை ஒரு நொடி கீழே இறக்கினாள். "அம்மா, உங்க பொண்ணு போன் பண்ணாங்க. பஸ் நின்னு போச்சாம், சாயங்காலம்தான் வருவாங்களாம்."

கழுகு கண்ணாடியைப் பார்த்தாள். அந்த வாய் சிரித்தது.

அதற்குப் பிறகு யார் கவசத்துக்குள் என்ன பேசினாலும் அது அவளுக்குச் சொன்னது. இவருக்குச் சளி இறங்கியிருக்கு என்கிறார் டாக்டர். இந்தச் செவிட்டம்மாகிட்ட எத்தனை தடவைதான் கத்துறது என்கிறாள் துப்புரவுக்காரி. ஒன்றும் பொய்யில்லை. பயம் தணிந்தது. தணிந்ததுதான் தப்பு. சாயங்காலத்துக்குள், ஒரு ஆள் கட்டிலருகே வந்தால் அவள் கண் தானாகக் கண்ணாடிக்குப் போக ஆரம்பித்தது. செத்தவனை நம்பினாள். உயிரோடு இருக்கிற யாரையும் அவள் அப்படி நம்பியதில்லை.

வெயில் சாயும் நேரம் நர்ஸ் ஒரு ஊசியோடு வந்தாள். மருந்தின் பெயரை அவரிடம் சொல்லியிருப்பாள் போல. அவர் சட்டென்று தலையைத் தூக்கினார். கையை அசைக்கப் பார்த்தார், முடியவில்லை. மூடிக்குள் உதடு அசைந்தது.

நர்ஸ் நின்றாள். கவசத்தை இறக்கினாள்.

"அம்மா, ஏதோ சொல்றாரே. என்னன்னு பாருங்க. போடட்டுமா?"

கழுகு குனிந்தாள். ஆவிக்குள்ளே உதடு மூடியது. குவிந்தது. மறுபடி மூடியது, குவிந்தது.

போடு.

பொறு.

இழுக்கிறாரா, இழுக்கவில்லையா? மூச்சுத் திணறுகிறவருக்கு எல்லாச் சொல்லும் இழுக்கத்தான் செய்யும். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு வாய் புரியவில்லை. புரியவில்லை என்று நர்ஸிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

அந்த வாய் காத்துக்கொண்டிருந்தது. அகலமாக, அழகாக, மில் வழக்கப்படி எழுத்து எழுத்தாகச் சொன்னது. நன்றாக இழுத்துச் சொன்னது.

"போடுன்னு சொல்றாரும்மா," என்றாள் கழுகு.

நர்ஸ் போட்டாள்.

அவர் உடம்பு வில்லாக வளைந்தது. கழுத்து வீங்கியது. முகம் சிவந்து, கறுத்து, கண் பிதுங்கியது. நர்ஸ் ஓடினாள், யார் யாரோ ஓடி வந்தார்கள், மூடியைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆவி விலகியது. அவருடைய வாய் தெளிவாகத் தெரிந்தது. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுன்னுதானேடி சொன்னேன்."

அவ்வளவுதான். அந்த உதடு அதன் பிறகு அசையவில்லை.

காலுக்குக் கீழே அதிர்வும் நின்றது. எண்ணெய் வாசனை போய்விட்டது. கண்ணாடியில் வெறும் இருட்டு. எல்லாம் முடிந்து துணியை இழுத்து மூடிவிட்டு அவர்கள் போனார்கள். அவள் நாற்காலியில் இருந்தாள். அழக்கூடத் தெரியவில்லை. இந்த மனுஷனுக்காகத்தானே அன்று அப்படிச் சொன்னேன், இந்த மனுஷனையே சந்து கொண்டுபோய்விட்டானே என்று மட்டும் மனசு கிடந்து அரற்றியது.

மகள் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் கவசம்கூடப் போடவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முகம் முழுக்கக் கண்ணீரோடு கேட்டாள்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னார்?"

கழுகு வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தாள். சொன்னாள்.

மகள் புரியாமல் பார்த்தாள். "என்னம்மா? சத்தமே வரலையே. வாய் மட்டும்தான் அசையுது."

அவள் மறுபடி சொன்னாள். கத்தினாள். தொண்டையில் கையை வைத்துப் பார்த்தாள். பேசும்போது விரலுக்குக் கீழே ஒரு துடிப்பு இருக்கும். அது இல்லை. கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

மகள் திடீரென்று தலையைத் திருப்பினாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படி. கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். அங்கே அந்த வாய் திறந்து மூடியது. அதில் என்ன குரல் வந்ததோ, மகளுடைய முகம் குழம்பியது. பக்கத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது உன் குரல்தானேம்மா? அங்கேருந்து எப்படி..."

கேள்வியை முடிக்கவில்லை. அந்த வாய் இன்னும் ஏதோ சொன்னது. மகளின் பார்வை மங்கியது. கைப்பிடி தளர்ந்தது.

"இதோ வரேம்மா," என்றது மகளின் உதடு. சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தாள்.

கழுகு எழுந்தாள். கழற்றிவிட்ட செருப்பில் கால் இடறிக் கீழே விழுந்தாள். தரையில் கிடந்தபடி வாயை அகலத் திறந்தாள். நில்லு என்றால் பல் தெரியும், யாருக்கும் புரியும். ஆனால் அவள் உதடு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூடியது, குவிந்தது.

பொறு. பொறு. பொறு.

மகளின் முதுகு அதைப் படிக்கவில்லை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கன்னத்துக்குக் கீழே தரை மெல்ல அதிர்ந்தது. பெரிய உருளை ஓட ஆரம்பித்துவிட்டது.