மூடிய சுற்று

அளவுமானியில் தொட்டியின் நீர்மட்டம் ஒரு நூல் அளவு ஏறியிருந்தது.

ஏறக் கூடாது. மூடிய சுற்று அது. ஒரே தண்ணீர்தான் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்து உலையைக் குளிரவைக்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டு சேரவும் வழியில்லை. சூடானால் தண்ணீர் கொஞ்சம் விரியும். அவள் வெப்பமானியைப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் அவள் தனியாக இருந்தாள். ஜன்னல் இல்லாததால் வெளியே வெயிலா மேகமா என்று தெரியாத அறை. சூடேறிய வயரின் வாசனையோடு, கீழ்த்தளத்துப் பம்பின் ரீங்காரம் தரை வழியாக, நாற்காலிக் கால் வழியாக, முதுகெலும்பு வரை ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் தேர்ந்தெடுத்த பம்பு. இன்றுதான் முதல் ஓட்டம். "நீ செலக்ட் பண்ணது, நீயே உக்காந்து பாரும்மா" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார்.

கீழே பம்பு அறையில் அவளுடைய அண்ணன் இருந்தான். ஃபிட்டர். பம்பு அறைச் சுவரோடு இணைந்த போனை எடுத்தாள்.

"அண்ணா, பம்பு எப்படி இருக்கு?"

"உன்னை மாதிரியேதான். வாயே தொறக்க மாட்டேங்குது." சிரித்தான். "ஸ்க்ரூடிரைவரை வச்சு காதைக் குடுத்து கேட்டுட்டு இருக்கேன். ஆமா, என் துணியை எவன் எடுத்தான்? இப்பதான் பம்பு மேல வச்சேன். காணோம்."

சுற்றில் ஏறுகிற தண்ணீரின் பாரத்தை இறங்குகிற தண்ணீரே சரிக்கட்டிவிடும். குழாயின் உரசலை மட்டும் வென்றால் போதும். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் இந்தச் சின்னப் பம்பை எடுத்தாள். எல்லோரும் மெச்சினார்கள். இப்போது, அண்ணனின் மூச்சைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கணக்கில் விட்டுப்போன ஒன்று அவளுக்கு உறைத்தது. பம்பு ஓடினாலும் நின்றாலும் அந்தத் தண்ணீர் எப்போதும் எண்பது பார் அழுத்தத்தில், வெளிக்காற்றைப் போல எண்பது மடங்கில், நிற்கிறது. பம்பின் தண்டு வெளியே வருகிற இடத்தில் கசிவை அடைக்கும் சீல் அதைத் தாங்க வேண்டும். அதை அவள் பார்க்கவே இல்லை. சீல் பிய்த்துக்கொண்டால் தண்ணீர் கத்தியாகப் பாயும். நேர் எதிரே அண்ணனின் முகம்.

"அண்ணா, உடனே வெளிய வந்துடு. சீல் தாங்காது. என் தப்புதான்."

"ஒரு சொட்டு ஒழுகல பாப்பா. காஞ்சு கிடக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"சீல் பக்கத்துல கை வச்சா காத்து உள்ள போகுது. இழுக்குது."

நடக்கவே நடக்காது. உள்ளே அவ்வளவு அழுத்தம் இருந்தால் எதுவும் வெளியேதான் வரும். அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது. முதுகில் ரீங்காரம் நிற்கவில்லை.

"நிறுத்திட்டியா? இன்னும் சுத்துதே! ஏய், என் கிளவுஸ்..."

உதட்டைக் குவித்து எதையோ உறிஞ்சுவது போல ஒரு சின்னச் சத்தம். பிறகு, கைநழுவிய ரிசீவர் சுவரில் மோதும் சத்தம். டக். டக்.

மட்டம் ஏறியது. அவள் கண்ணெதிரே, நிதானமாக, ஏறிக்கொண்டே போய் நின்றது. கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தாள். மனம் போட்டுவிட்டது. தொட்டியின் அகலம், ஏறிய உயரம். பெருக்கினால், சரியாக ஒரு ஆளின் பருமன்.

படிகளில் விழுந்தடித்து ஓடினாள்.

பம்பு அறை. ஒரே கதவு. தரை காய்ந்திருந்தது. சீல் புத்தம் புதிதாக மின்னியது. ஸ்க்ரூடிரைவர் தரையில். ஆள் இல்லை. தண்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணா!"

குழாய்க்குள் தட்டும் சத்தம். தூரத்தில். பிறகு வளைவில். பிறகு அருகில்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து முனையைக் குழாயில் வைத்தாள். பிடியைக் காதில் அழுத்தினாள். தண்ணீர். தண்ணீர். அதற்குள், பல் கிட்டிப்போனவன் பேசுவது போல:

"பாப்பா."

வடிகுழாயைத் திறக்கலாம். கை வால்வுக்குப் போனது. அங்கேயே நின்றது. வடிகுழாய் கட்டைவிரல் பருமன்தான். அந்த அழுத்தத்தில் அது வழியாக அவன் எப்படி வெளியே வருவான் என்பது அவளுக்குத் தெரியும்.

தொங்கிய ரிசீவரில் சூப்பர்வைசரின் குரல். மேலே கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

"ஹலோ, யாரு கீழ? என்னம்மா, பம்பு நிக்குது! உலை சூடேறுது!"

"சார், போட்டுடாதீங்க. அண்ணன் உள்ள இருக்கான் சார். கெஞ்சிக் கேக்கறேன்."

"ரூம்லதானே? வெளிய வரச் சொல்லு. நான் போடறேன்."

"ரூம்ல இல்ல சார்..."

பம்பின் மேலிருந்த பச்சை விளக்கு எரிந்தது.

பம்பை நிறுத்த, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள். விளக்கு அணைந்தது. மறுபடி அடித்தாள். தண்டு நிற்காமல் வேகம் பிடித்தது. இரும்பு அலறியது. பம்பின் வாய்க்குப் போகும் குழாயில், ஓட்டம் பார்க்க வைத்த வட்டக் கண்ணாடி. அதில் உள்ளிருந்து நான்கு விரல் நுனிகள். வெளுத்து, தட்டையாக அழுந்தி.

சுண்டுவிரல் முதலில் நழுவியது. அடுத்தது மோதிரவிரல். பம்பின் பக்கமாக.