சனிக்கிழமைக் கோழி

கோழியின் காலில் மறுபடியும் கயிறு கிடந்தது.

பஞ்சாரக் கூடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கஸ்தூரியம்மாள் குனிந்து பார்த்தாள். மஞ்சள் தடவிய நூல்கயிறு, வலது காலில், முடிச்சுப் போட்டு. சனிக்கிழமை அவள் கையாலேயே அறுத்துச் சாக்கடையில் வீசிய கயிறு. இன்றைக்குத் திங்கள். மகன் இருப்பது திருப்பூரில், வீட்டில் வேறு ஆளே கிடையாது.

"எந்தக் களவாணிப்பய வேலைடா இது?" என்று சத்தமாகவே கேட்டாள். பதில் வராததில் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஓடைப்பட்டியில் பேய் பிசாசு என்றால் ஜனங்கள் பூசாரியைத் தேடிப் போக மாட்டார்கள். கஸ்தூரியம்மாள், பாண்டீஸ்வரி, வீருசின்னம்மாள் மூன்று பேரையும்தான் தேடுவார்கள். திராட்சைத் தோட்டத்தில் நின்று நின்று முட்டி தேய்ந்த பொம்பளைகள், வாய் மட்டும் தேயவில்லை. மோட்டார் ரூமில் பிள்ளை அழுகிற சத்தம் என்றார்கள். டார்ச்சோடு போய் மரநாய்க் குட்டியைப் பிடித்து வந்து காட்டினார்கள். திராட்சைப் பந்தலுக்குள் வெள்ளைச்சேலை ஆடுகிறது என்றார்கள். குருவிக்குக் கட்டின வலை அது. கூலி, ஆளுக்கு ஒரு காபி, ரெண்டு வடை. கேசு முடிந்ததும் வீருதான் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். "பேயுமில்ல, ஒண்ணுமில்ல. போயிப் பொழப்பப் பாருங்க."

அந்த வீரு சனிக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

சனிக்கிழமைச் சாவுக்கு ஒரு உயிரைத் துணைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர்களே ஒரு ஆளைத் தேடிக்கொள்வார்கள் என்று ஊரே நடுங்கும். அதனால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி விடுவார்கள். "பெரியம்மா, ஒங்ககிட்டக் கோழி இருக்குல்ல?" என்று வீருவின் மகன் ஈஸ்வரபாண்டி வந்து நின்றபோது இல்லையென்று சொல்ல முடியவில்லை. தாய்க்கோழியை நாய் தூக்கிப்போன பிறகு மடியில் வைத்துத் தீனி ஊட்டி வளர்த்த சிவப்புக் கோழி அது. அவளே கொண்டு போய்ப் பாடையில் கட்டினாள். தெருமுக்கு வந்ததும் பொம்பளைகள் நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் ஆம்பளைகள்தான் போவார்கள். அங்கே கொட்டுச் சத்தத்தில், வேட்டுப் புகையில், கோழி கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்தது. பேயே இல்லையென்று ஊருக்கெல்லாம் சொன்னவள் ஒரு வாயில்லாச் சீவனை எதற்குச் சுடுகாட்டுக்கு அனுப்ப வேண்டும்? தோட்டத்திலிருந்து அப்படியே ஓடிவந்ததில், திராட்சைக் கொத்து நறுக்கும் கத்தரி இடுப்பிலேயே இருந்தது. ஒரு வெட்டு. கோழி முந்தானைக்குள் வந்துவிட்டது. புகையில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

இப்போது அதே கத்தரியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தாள். இந்தத் தடவை வீசவில்லை, கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றை அடுப்பில் போட்டாள்.

மேகமலைப் பக்கமிருந்து இறங்கின மழை தகரக் கூரையில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. கரண்டு போய் நேரமாகிவிட்டது. அடுப்புத் தணலில் கயிறு சுருண்டு கருகும்போது வந்த வாசம் நூல் கருகும் வாசமாக இல்லை, பன்னீர்ப் புகையிலையும் வெற்றிலையும் சேர்ந்த, பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் ரகசியம் சொல்லும்போது வரும் வீருவின் வாய் வாசமாக இருந்தது. கஸ்தூரியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பின்கட்டில் கோழி, போட்ட நொய்யரிசியைச் சீண்டாமல், சத்தமில்லாமல், வாசல் பக்கமே பார்த்து நின்றது.

கதவு தட்டும் சத்தம். அவளுக்கு உயிரே போய் வந்தது.

"தொறடி, நனைஞ்சு சாகுறேன்." பாண்டீஸ்வரிதான். உள்ளே வந்து சேலையைப் பிழிந்தவள், தரையில் உட்கார்ந்து வலது காலைத் தடவிக்கொண்டாள். "வீட்டுல படுக்க முடியலடி. கண்ண மூடுனா யாரோ காலப் புடிச்சு இழுக்குறாக."

கஸ்தூரியம்மாள் அந்தக் காலையே பார்த்தாள். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

பாண்டீஸ்வரி முதலில் சிரித்தாள். "நல்லாருக்குடி கூத்து! நம்ம கேசு நம்ம வீட்டுக்கே வந்துருச்சா?" அப்புறம் சிரிப்பு நின்றது. "அப்ப அவ தனியாவா போனா?"

"ம்."

"கக்கூசுக்குக்கூடத் தனியாப் போக மாட்டாளேடி அவ. என்னையத்தான கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவா."

தகரக் கூரையில் மழை வலுத்தது.

"இப்பவே கோழியக் கொண்டுபோயி சுடுகாட்டுல கட்டிட்டு வந்துருவோம்," என்றாள் கஸ்தூரியம்மாள். பிள்ளைபோல் வளர்த்ததுதான். ஆனாலும் பாண்டீஸ்வரியை விடவா? "நீ இங்கனயே இரு. புடிச்சுட்டு வாறேன்."

"வெரசா வா."

போன் டார்ச்சோடு பின்கட்டுக்குப் போனாள். ஈரமண் வாசம், கோழிப்பீ வாசம், வேறொன்றுமில்லை. பஞ்சாரத்துக்குள்ளிருந்து கொக் கொக்கென்று சத்தம் வந்தது. ரெண்டு நாளாக வாய் திறக்காத கோழி, நொய்யைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பழையபடி. கால்களைப் பார்த்தாள். வலது கால். இடது கால். கயிறே இல்லை. மறுபடி வரவில்லை! கஸ்தூரியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டாள். வீரு கோழியை விட்டுவிட்டாள்.

கோழியை விட்டுவிட்டாள்.

டார்ச்சை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"பாண்டி?"

மழை.

"ஏடி பாண்டி!"

ஓடினாள். முட்டி வலி தெரியவில்லை. பாண்டீஸ்வரி அதே இடத்தில்தான் இருந்தாள். கால் நீட்டி, ரெண்டு கையாலும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. வாய் அசைந்தது.

"அறுடி... கஸ்தூரி, அறுத்து விடுடி."

வலது காலில் மஞ்சள் கயிறு. முடிச்சுப் போட்டு. காலிலிருந்து தரையோடு போய், தாழிட்ட வாசல்கதவின் அடிச்சந்து வழியாக வெளியே இருட்டுக்குள் போயிருந்தது.

கத்தரி. இடுப்பில் இருந்தது. அறுத்தாள். துண்டு தரையில் விழுந்தது. காலில் கயிறு இருந்தது.

அறுத்தாள். இருந்தது.

அறுத்தாள்.

புகையிலை வாசம் வீடெல்லாம் நிறைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்பக் கிட்டத்தில், யாரோ எச்சிலைக் கூட்டித் துப்பினார்கள். கேசு முடிந்ததும் துப்புகிற மாதிரி.

"வீரு, ஏந்தப்புடி! என்னையக் கூட்டிட்டுப் போடி, அவள விட்டுரு!" கஸ்தூரியம்மாள் கத்தரியைப் போட்டுவிட்டு, தோழியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பின்கட்டில் கோழி நிம்மதியாகக் கொக்கரித்தது.

கதவுச்சந்தில் கயிறு விறைத்தது. தூணைப் பிடித்திருந்த பாண்டீஸ்வரியின் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. அவளும், அவளைக் கட்டிக்கொண்டிருந்தவளும், ஒரு சாண் வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.